டீக்கடை பெஞ்சா, வாட்ஸ்அப் குழுவா?

பாம்பனில் உலகச் செய்தி பேச எனக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று கடற்கரைப் பக்கத்து டீக்கடை, இன்னொன்று ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு.

வேகம் என்றால் குழுதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியது அங்கேதான் முதலில் தெரிந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே பழைய வீடியோவைப் புதுச் செய்தி என்று யாராவது போடுவார்கள். திருத்தினால் பதிலே வராது.

அதே வரியை டீக்கடையில் பேசியபோது, கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்த அண்ணன் கையை நிறுத்தாமல் கேட்டார்: "அவன் அங்க வரி போட்டா, இங்க எறால் என்ன வெலைக்குப் போகும் தம்பி?" நம் இறாலை அதிகம் வாங்குவதே அமெரிக்காதான் என்றேன். அவர் கை நின்றுவிட்டது. அப்புறம் ஒரு மணி நேரம் வேறு பேச்சே இல்லை.

கச்சத்தீவும் அப்படித்தான். குழுவில் "மீட்போம்" என்று ஒரு வரி, நூறு கைதட்டல் பொம்மைகள். கடையில் பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள்: 1974 ஒப்பந்தம் தீவை இலங்கைப் பக்கம் விட்டது, ஆனால் போய்வர இடம் வைத்தது, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது 1976-ல்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் கத்துவதில் நம் ஆட்களுக்கு ஒரு பயனும் இல்லை.

என் ஓட்டு பெஞ்சுக்கே. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாளும், அங்கே உட்கார இடம் கிடைக்காது. விடிவதற்கு முன்பே போய்விடுவேன்.