15 கிலோவுக்குள் சஃபாரி: சக்கரமில்லாத ஒரு பையின் மதிப்புரை

கென்யத் தலைநகர் நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஒருவர் பொதுவாக 15 கிலோ வரைதான் கொண்டுசெல்ல முடியும். கையில் வைத்திருக்கும் கேமராப் பையும் அந்தக் கணக்கிலேயே சேரும். பை மடங்கிக்கொடுக்கும் துணிப்பையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இந்த இரண்டு விதிகளை முன்னிட்டே 45 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு டஃபிள் பையை வாங்கினேன். மாராவிலும் அம்போசெலி தேசியப் பூங்காவிலுமாகக் கழிந்த ஒன்பது நாட்களில் அது எப்படி உழைத்தது, எங்கே கைவிட்டது என்பதை இங்கே எழுதுகிறேன்.

விதியின் காரணம் விமானத்தின் அருகில் போய் நின்றபோதுதான் விளங்கியது. நாங்கள் ஏறிய செஸ்னா கேரவன் விமானத்தின் வயிற்றுக்கு அடியில், ஒட்டவைத்தாற்போல, தாழ்வான ஒரு சரக்கு அறை இருக்கிறது. அதன் சிறு கதவு வழியாக ஊழியர் ஒவ்வொரு பையாக உள்ளே தள்ளி, கடைசிப் பையை முழங்காலால் அழுத்திக் கதவைச் சாத்தினார். என் பை அந்த அழுத்தத்தில் பாதியாகச் சுருங்கியது. இறக்கி எடுத்தபோது தையல் ஒன்றும் விட்டிருக்கவில்லை. சக்கரப் பெட்டியோடு வந்திருந்த சக பயணி ஒருவர், எடை பார்க்கும் இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இரவல் வாங்கிய சாக்குப் பை ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

பையின் சொந்த எடை ஒரு கிலோதான். என்னுடைய பழைய சக்கரப் பெட்டி வெறுமையாகவே நான்கு கிலோ இருக்கும். மிச்சமான மூன்று கிலோவில் ஒரு 8x42 பைனாகுலர், அதிகாலைக் குளிருக்கான கம்பளி மேற்சட்டை, ஸ்டீல் தண்ணீர் பாட்டில், மூன்று சதுர முனைகள் கொண்ட கென்யப் பிளக்குக்கான அடாப்டர் ஆகிய அனைத்தும் அடங்கிவிட்டன. ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைத்து மூட்டை கட்டுபவர்கள் அந்தக் கம்பளிச் சட்டையைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்; மாரா சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் உள்ள நிலம் என்பதால், ஜூலை மாதத்தில் விடியற்காலைத் திறந்த ஜீப்பில் பற்கள் தந்தியடிக்கும். உடைகள் மூன்று செட் போதும், ஏனென்றால் பெரும்பாலான முகாம்களில் துவைத்துத் தருவார்கள். உள்ளாடைகளைச் சில இடங்களில் வாங்குவதில்லை. அதற்காகச் சிறிது சோப்புத் தூளை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி குறைக்கு வருகிறேன். மேலே வளைந்து ஓடும் நீண்ட ஜிப் பையை அகலமாகத் திறக்க உதவுகிறது என்பது உண்மையே, ஆனால் அதன் மேல் ஒரு மூடு துணி கூட இல்லை. அம்போசெலி என்ற பெயருக்கு மாசாய் மொழியில் உப்புத் தூசி என்று பொருள் சொல்வார்கள். வறண்ட ஏரிப் படுகையின் சாம்பல் நிறத் தூள் முதல் நாள் மாலைக்குள் ஜிப்பின் பற்களினூடே நுழைந்து, மடித்துவைத்த சட்டைகளின் மேல் பவுடர் தூவியது போலப் படிந்திருந்தது. வேறெங்காவது என்றால் துணிகளைப் பாலிதீன் கவரில் கட்டிவைத்திருப்போம். கென்யாவில் 2017 ஆகஸ்டு முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் அந்த வழியும் அடைபட்டது. 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களும் கூடாது. ஆக, நெருக்கமான நெசவுள்ள துணி உறைகள் மூன்றை வாங்கி உடைகளைப் பிரித்து வைப்பதே சரியான தீர்வு. நான் ஒரேயொரு தலையணை உறையை வைத்துக்கொண்டு திண்டாடினேன். சஃபாரிக்கென்றே விற்கப்படும் பைக்கு ஜிப்பின் மேல் நான்கு விரல் அகலத் துணி தைப்பது அப்படியென்ன பெரிய செலவு என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

வெளிப்புறத்துச் சிறு அறையைப் பாராட்டத்தான் வேண்டும். பாஸ்போர்ட்டும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும், மலேரியா மாத்திரை அட்டையும் அதில் மடங்காமல் அமர்ந்தன. அந்தச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும் என்பதால், பை வாங்குவதற்கு முன்பே அதற்கு நாள் குறித்துவிடுவது நல்லது. மருத்துவர் எனக்கு எழுதித்தந்த அட்டோவகோன்-புரோகுவானில் என்ற மலேரியா மாத்திரையை ஊர் திரும்பிய பிறகும் ஏழு நாட்கள் விழுங்க வேண்டும். பையைக் காலி செய்யும் அவசரத்தில் அதை மறந்துவிடுவது எளிது.

தோள் வாரில் பஞ்சு போதாது. கால் மணி நேரத்துக்கு மேல் சுமந்தால் தோள் சிவக்கிறது, ஆனாலும் ஓடுதளத்திலிருந்து ஜீப் வரைதானே நடக்கிறோம்.

இதே பை 70 லிட்டரிலும் கிடைக்கிறது. அதை வாங்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, 15 கிலோவைத் தாண்டிவிடும். நைரோபியிலிருந்து சாலை வழியாகவே போய்த் திரும்புகிறவர்களுக்கு எடைக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இராது. அவர்கள் தூசியைத் தடுக்கும் வேறு பையைப் பார்ப்பது உத்தமம். சிறு விமானத்தில் போகிறவர்கள் துணி உறைகளோடு சேர்த்து 45 லிட்டர் பையைத் தயங்காமல் வாங்கலாம்.