1.7 லிட்டர் வாக்சின் கேரியர்: பெரியம்மைக்குத் தாங்குமா?

போலியோ முகாமில் எல்லாரும் பார்த்த பெட்டிதான். சென்னை பாரிமுனைப் பக்கம் சர்ஜிகல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 4 ஐஸ் பேக், நடுவில் 16 முதல் 20 குப்பி. மூடியைத் திறக்காவிட்டால் 12 மணி நேரம் 2–8 டிகிரியில் நிற்கும். பெரியம்மைக் கிருமியை யாராவது ஆயுதமாக ஏவினால், வியாசர்பாடிச் சந்துக்குள் தடுப்பூசி போய்ச் சேர இது மாதிரிப் பெட்டிதான் வேண்டும். அந்தக் கண்ணோடுதான் பார்த்தோம்.

இந்த வட்டாரத்துக்கு அந்த நோய் புதிதல்ல. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ.ஆர். ராவ் ஏறத்தாழ 7,000 பேரைக் கவனித்துப் பதிவு செய்தார். தடுப்பூசி போடாதவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இறந்தார். நோயாளியோடு பழகியவருக்கு 4 நாளுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கலாம், இல்லாவிட்டாலும் வீரியத்தைக் குறைக்கலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும் நேரத்தைச் சேர்த்தாலும் 12 மணி நேரம் தாராளம்.

மருந்தைக் கெடுப்பது வெயில் மட்டுமல்ல, ஐஸும்தான். எம்விஏ-பிஎன் என்ற பெரியம்மைத் தடுப்பூசி உறைந்த நிலையில் வரும். ஒருமுறை உருகினால் மறுபடி உறையக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேக்கை அப்படியே செருகினால் ஒட்டியிருக்கும் குப்பி உறைந்துவிடும். மேஜையில் பரப்பி வையுங்கள். பேக் வியர்த்து, குலுக்கும்போது உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகே அடுக்குங்கள். பேக்கில் தண்ணீர் ஊற்றுவது குறி வரைக்கும்தான். கழுத்து வரை ஊற்றினால் உறையும்போது விரிந்து மூடி கசியும். உப்புப் போடவே கூடாது. குப்பிகளை ஜிப் கவரில் போடாவிட்டால் லேபிள் ஊறி பேட்ச் எண் அழியும்.

எத்தனை பேருக்கு என்பதை மருந்துதான் தீர்மானிக்கும். ஏகாம் 2000 என்ற இன்னொரு பெரியம்மைத் தடுப்பூசியின் குப்பி ஒன்றில் 100 பேருக்கு மருந்து. நுனி இரண்டாகப் பிளந்த ஊசியால் ஆளுக்கு 15 குத்து. ஆக ஒரு பெட்டியில் 2,000 பேர். ஆனால் உயிருள்ள வைரஸ் என்பதால் எக்சிமா, எச்ஐவி உள்ளவர்களுக்கு ஆபத்து. அவர்களுக்கு ஏற்ற எம்விஏ-பிஎன், குப்பிக்கு ஒரு டோஸ். 28 நாள் இடைவெளியில் இரண்டு. அதே பெட்டியில் ஒரு நடைக்கு 20 பேர்தான்! இதை யோசிக்காமல் பெட்டி வாங்குவது வீண்.

மைனஸ் 20-இல் இருப்பு வைக்க இது ஆகாது. கடைசிக் கட்டப் பயணத்துக்கு மட்டும் நல்ல பெட்டி. வாங்கும்போது மூடி இடைவெளியில்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஐஸ் பேக்கை இரண்டு செட்டாக எடுங்கள்: முழுதாக உறைய 24 மணி நேரம் ஆகும், ஒரு செட்டை வைத்து மறுநாள் கிளம்ப முடியாது.