குளோரெல்லா அறுவடைக்கு முருங்கை விதை: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

ஓமலூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் சிமெண்ட் தொட்டிகளில் குளோரெல்லா என்னும் நுண்ணிய பச்சைப் பாசியை வளர்க்கிறோம். வாழைக்கும் காய்கறி நாற்றுக்கும் உரமாகப் போகிறது. வளர்ப்பதில் பெரிய சிரமமில்லை, தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடு. ஸ்பைருலினாப் பாசி என்றால் இழை இழையாக இருக்கும், துணியில் வடித்துவிடலாம். குளோரெல்லா செல் 2 முதல் 10 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), துணியில் நிற்காது. செல்களின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும். படிகாரம் போட்டால் சட்டென்று படியும். ஆனால் படிகாரத்தில் உள்ள அலுமினியம் பாசிக் கூழோடு சேர்ந்து வயலுக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது.

முருங்கை விதையின் பருப்பில் நேர்மின்சுமை கொண்ட புரதம் இருக்கிறது. அது பாசியைக் கட்டி கட்டியாகச் சேர்த்துவிடும். விதைப்பொடியை அப்படியே கொட்ட வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால், பல தொட்டிகளில் பாசியைவிட விதைமாவுதான் எடை கூட இருக்கும்! எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை உப்புத்தண்ணீரில் கரைத்து, காடாத்துணியில் வடித்த சாறு போதும். உப்பு இருந்தால் புரதம் நன்றாக இறங்கும். காற்றுக் குழாயை நிறுத்தி, சாற்றை ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகவும், அப்புறம் கால் மணி நேரம் மெதுவாகவும் கலக்க வேண்டும். இந்த மெதுவான கலக்கலில் அவசரப்பட்டால் சேர்ந்த கட்டி உடைந்துவிடும். சாற்றை அன்றன்றைக்கே தயாரிக்க வேண்டும், சேலம் வெயிலில் மறுநாளைக்குத் தாங்காது.

கைட்டோசானையும் பயன்படுத்திப் பார்த்தேன். இறால் ஓட்டிலிருந்து எடுப்பது, மிகக் கொஞ்சமே போதும், கட்டியும் பெரிதாக வரும். ஆனால் மதிய வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தொட்டியின் பிஹெச் (அமில-கார அளவு) 9-ஐத் தாண்டும், அதாவது தண்ணீர் காரமாகிவிடும். காரத்தன்மையில் கைட்டோசானின் மின்சுமை போய்விடும், அமிலம் ஊற்றித்தான் பிஹெச்சை இறக்க வேண்டும். முருங்கைப் புரதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. என் ஓட்டு முருங்கைக்கே.

சேலத்தில் இருந்துகொண்டு மரவள்ளி மாவைப் போடக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஜவ்வரிசி ஆலையில் கிடைக்கும் சாதா ஸ்டார்ச்சில் நேர்மின்சுமை கிடையாது, அதனால் பாசியைப் பிடிக்காது. ரசாயன முறையில் நேர்மின்சுமை ஏற்றிய ஸ்டார்ச் மட்டுமே வேலை செய்யும்.

குறையும் உண்டு. தெளிந்த தண்ணீரில் விதையின் கரிமப்பொருளும் உப்பும் தங்கிவிடும். அதையே திரும்பத் திரும்பத் தொட்டிக்கு விட்டால் பாக்டீரியா பெருகும், உப்பும் ஏறிக்கொண்டே போகும். பாதிக்குப் பாதி புதுத்தண்ணீர் கலந்துதான் விடுகிறேன். அடியில் படியும் கூழிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். துணியில் கட்டித் தொங்கவிட்டு, அன்றைக்கே மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்காவிட்டால் நாறிவிடும். ஏற்காட்டில் செய்ய நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், மூடுபனி நாளில் வெயிலை நம்ப முடியாது.

விதைக்கு மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்றை வாங்குங்கள். விதைப்பதற்கென்று பாக்கெட்டில் வருவதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள், அது வேண்டவே வேண்டாம்.