படம் வைத்தால் எண் மறுபடி 1: நகைச் செய்முறை எழுதும் தளம் பற்றி ஒரு நீண்டகாலப் பயனரின் கணக்கு

இந்தத் தளத்தில் நகைச் செய்முறை எழுத வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வரிசை எண் பொத்தானைத் தொடாதீர்கள்.

தளத்தின் பெயர் வேண்டாம். இலவசக் கணக்கு, போன் செயலி, தமிழ்த் தட்டச்சு, படம் ஏற்றும் வசதி என்று எல்லாரிடமும் இருப்பதுதான் இதிலும் இருக்கிறது. கட்டுரைக்கும் கவிதைக்கும் அருமையான இடம். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, கண்ணுக்கு இதமாக வரும். சிக்கல் செய்முறை எழுதும்போதுதான். செய்முறையில் படிகளுக்கு நடுவே படம் வந்தாக வேண்டும், படம் வந்த இடத்தில் இந்தத் தளம் எண்ணை மறந்துவிடும். காதுக் கொக்கி செய்யும் சாதாரணச் செய்முறை வெளியானதும் இப்படித்தான் தெரியும்:

1. 0.8 மி.மீ. கம்பியில் 5 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டவும்.
2. வட்டமூக்குக் குறட்டின் நுனியால் ஒரு முனையில் 3 மி.மீ. வளையம் போடவும்.
(படம்)
1. வளையம் வெளிப்பக்கம் பார்த்திருக்க, கம்பியைப் பேனாவின் உடலில் வைத்து வளைக்கவும்.
2. வால் முனையில் 3 மி.மீ. விட்டு, லேசாக வெளியே மடக்கவும்.
(படம்)
1. வளைவை மட்டும் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டவும்.
2. முனையை அரத்தால் தேய்த்து உருட்டவும்.

மூன்று 1, மூன்று 2. “படி 6ஐ விட்டுவிடாதீர்கள், முனை கூராக இருந்தால் காது புண்ணாகும்” என்று கீழே எழுதினால், படிக்கிறவர் 6ஐ எங்கே தேடுவார்? பட்டுநூல் வளையல் என்றால் இன்னும் மோசம். “படி 4 முதல் 7 வரை மறுபடியும் செய்யவும்” என்ற வரி இல்லாமல் நூல் சுற்றும் செய்முறையே கிடையாது. கம்பி வேலையில் ஒரு படி மாறினால் கம்பியை நிமிர்த்தலாம். அதுவும் ஓரிரு தடவைதான், அதற்குமேல் கம்பி இறுகி முறிந்துவிடும். பசை தடவிய நூலை நிமிர்த்த முடியாது.

சமாளிக்க வழிகள் இருக்கின்றன, எல்லாமே அரைகுறை. எச்டிஎம்எல் பார்வைக்கு (பக்கத்தின் குறிமுறை தெரியும் இடத்துக்கு) போய்ப் பட்டியலின் தொடக்க எண்ணை 3 என்று கொடுக்கலாம். கணினியில் சரியாக நிற்கும். பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் போன் செயலியில் திறந்து சேமித்தால் போயிற்று, பழையபடி 1. வரியை வெறும் எண்ணும் புள்ளியுமாகத் தொடங்கினால் தளம் தானாகவே பட்டியலாக்கிவிடும். அதனால் “படி 3:” என்று சொல்லை முன்னால் போட்டு எழுதுவதே பாதுகாப்பு. அழகாக இருக்காது, ஆனால் கலையாது.

படத்தின் மூலையிலேயே எண்ணை எழுதி ஏற்றுகிறவர்களும் உண்டு. நடுவில் ஒரு படி சேர்க்க நேர்ந்தால் அத்தனை படத்தையும் மாற்ற வேண்டி வரும். படங்களுக்கு எண்ணே வேண்டாம். அ, ஆ, இ என்று எழுத்து போடுங்கள். “படம் இ-யில் உள்ளதுபோல” என்று உரையில் சொன்னால் போதும். படி கூடினாலும் குறைந்தாலும் படம் அசையாது. இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகுதான் இந்தத் தளத்தோடு காலம் தள்ள முடிகிறது.

அட்டவணையும் கிடையாது. இது எண் வரிசை அளவுக்கு எரிச்சல் தராது என்றாலும் கம்பி வேலை எழுதுகிறவர்களுக்குப் பெரிய குறை. வெளிநாட்டுச் செய்முறைகளில் “20 கேஜ்” என்று கம்பியின் தடிப்பைச் சொல்லியிருப்பது பெரும்பாலும் அமெரிக்க அளவு, அதாவது 0.81 மி.மீ. நம் ஊர் ஹாட்வெயார் கடையிலும் மோட்டார் வைண்டிங் கடையிலும் 20 என்று கேட்டால் வருவது பிரித்தானிய அளவு, 0.91 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, காதுத் துளைக்குத் தெரியும். நகைக்குப் பயன்படும் அளவுகளில் அமெரிக்க எண்ணோடு ஒன்றைக் கூட்டிக் கேட்டால் ஏறக்குறையச் சரியாக வரும்: அமெரிக்க 18க்கு இங்கே 19, 20க்கு 21, 24க்கு 25. இதை அட்டவணையாகப் போட இடமில்லாததால் பலரும் படமாக ஏற்றுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் அகப்படாது, சின்னப் போனில் வாசிக்கவும் முடியாது. ஒவ்வொரு அளவையும் தனி வரியாக எழுதுங்கள். அதைவிட நல்லது, கேஜ் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீற்றரை மட்டும் சொல்வது. வைண்டிங் கடைக் கம்பிக்கு மேலே வார்னிஷ் பூச்சு இருக்கும், அதனால் நிறம் மங்காது. அரம் பட்டால் பூச்சு போய்விடும், ஆகவே காதுக் கொக்கிக்கு அதை எடுக்காதீர்கள் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

வளையல் அளவும் அப்படித்தான். 2.4 என்றால் இரண்டு புள்ளி நான்கு அங்குலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது 2 அங்குலமும் பதினாறில் 4 பங்கும். உள்விட்டம் 57 மி.மீ. 2.6 என்பது 60 மி.மீ., 2.8 என்பது 63.5 மி.மீ. ரூலரில் 2.4 அங்குலம் அளந்து வாங்கினால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 2.6 அளவு. பட்டுநூல் சுற்றும்போது உட்பக்கமும் தடிப்பாகும், விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் குறையும். ஆகவே இறுக்கமாக அணிகிறவருக்கு ஒரு அளவு கூட்டிய வெற்று வளையலில் தொடங்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பத்தி இல்லாத வளையல் செய்முறைகள்தான் இணையத்தில் அதிகம்.

இனி நல்லதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

முதல் நன்மை, திருத்தம். வீடியோ ஏற்றிவிட்டால் ஏற்றியதுதான். எழுத்தில் ஒரு வரியை மாற்றினால் முகவரி மாறாமல் அப்படியே இருக்கும். புறக்கோட்டையில் வழக்கமாகக் கிடைத்த பசை நின்றுபோனால் மாற்றுப் பசையின் பெயரையும் காயும் நேரத்தையும் அன்றைக்கே போட்டுவிடலாம். நகைச் செய்முறைக்கு இதன் பெறுமதி அதிகம், ஏனென்றால் பொருள்தான் மாறிக்கொண்டே இருக்கிறது, கைவேலை மாறுவதில்லை.

இரண்டாவது, சிக்னல். தேயிலைத் தோட்டப் பக்கம் பள்ளத்தில் இருக்கிற லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்து முதலில் வந்துவிடும், படம் பின்னால் ஒவ்வொன்றாக வரும். அதற்கு நம் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. போன் எடுக்கும் படத்தை அப்படியே ஏற்றாமல் அகலம் 1200 பிக்சலுக்குச் சுருக்கி, ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டுக்குள் கொண்டுவாருங்கள். பன்னிரண்டு படம் உள்ள செய்முறையும் இரண்டரை மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவதை எதிர்பார்க்கவே இல்லை: பனி. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மூடுபனியும் முகிலுமாக இருக்கும், வெயில் காண்பது அரிது. நகைப் படத்துக்கு அந்த வெளிச்சம்தான் தங்கம். கம்பியிலும் கண்ணாடி மணியிலும் வெள்ளைப் பொட்டு விழாது, கறுப்பு நிழல் விழாது. கொழும்பில் வெள்ளைத் துணி கட்டி, இரண்டு விளக்கு வைத்து எடுப்பதை இங்கே காலை பத்து மணிக்கு யன்னலோரம் சும்மா எடுக்கலாம். ஒரு கவனம்: பனி வெளிச்சம் கொஞ்சம் நீலம் பாயும். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி வைத்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்யுங்கள். வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்; மஞ்சளும் நீலமும் கலந்தால் பட்டுநூலின் நிறம் பொய்யாகிவிடும், நூல் வாங்கப் போகிறவர் ஏமாறுவார். போனை மிக அருகே கொண்டுபோகாமல் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பிறகு வெட்டிப் பெரிதாக்குங்கள். சரியான படத்துக்குப் பக்கத்தில் பிழையான படமும் ஒன்று வேண்டும். ஜம்ப் ரிங்கை (நகைத் துண்டுகளை இணைக்கும் சின்னக் கம்பி வளையத்தை) பக்கவாட்டில் இழுத்துத் திறந்தால் வட்டம் கெட்டு எப்படி முட்டை வடிவமாகிறது, ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகினால் எப்படி வட்டம் அப்படியே இருக்கிறது என்பதை எத்தனை வரி எழுதினாலும் ஒரு சோடிப் படத்துக்கு ஈடாகாது.

அந்தப் பனியோடு வரும் குளிர், ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் பிசின்) வேலையில் எதிரி. ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் கலந்து 24 மணி நேரம் என்று புட்டியில் போட்டிருப்பது சூடான அறைக்கான கணக்கு. 20 பாகைக்குக் கீழே கலவை தேன்போலத் தடிக்கும், குமிழி மேலே வராது, இறுகுவது நாள் கணக்கில் இழுபடும். ஈரக் காற்றில் மேற்பரப்பு மங்கலாகவோ ஒட்டும் பிசுக்காகவோ நின்றுவிடவும் கூடும். கலக்குவதற்கு முன் இரண்டு புட்டியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் உள்ளே போகாமல். விகிதம் கன அளவிலா எடையிலா என்பதையும் எழுதுங்கள். இரண்டின் அடர்த்தியும் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தைத் தராசில் வைத்தால் பிசகும். ஊரின் பெயரையும் மாதத்தையும் செய்முறையின் தலையில் போடும் வழக்கம் வர வேண்டும். நுவரெலியாவில் யூலை மாதம் காய்ந்த கணக்கு மட்டக்களப்புக்கு ஆகாது, அங்குள்ள கணக்கு இங்கே ஆகாது.

வருமானம் பற்றியும் கேட்கிறார்கள். வாசிப்புக்குப் பணம் தரும் தளங்களில் சில ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை வழியாகத்தான் அனுப்பும், ஸ்ட்ரைப் இலங்கையில் இயங்குவதில்லை. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பெப்ரவரியில் தமிழையும் சேர்த்துக்கொண்டது. அதை விளம்பரத்துக்கு இடம் தரும் தளங்களில்தான் போட முடியும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் ஒரு இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள், அதை நான்கு மாதத்துக்குள் பதிய வேண்டும். லயத்தில் தனி முகவரி இல்லாதவர்களுக்குத் தபால் தோட்டத்து அலுவலகம் வழியாகச் சுற்றி வருகிறது. டவுனில் கடை வைத்திருக்கும் உறவினர் முகவரியைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. 100 டொலருக்குக் கீழே பணம் வெளியே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். செய்முறையைப் படித்துவிட்டு நகைக்கே ஓடர் தருகிறவர்களிடமிருந்துதான் உண்மையான வருமானம்.

டவுனில் கொம்யூனிகேஷன் கடையில் தட்டச்சுச் செய்து கொண்டுவருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் பல இடத்தில். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பையாகத் தெரியும். இணையத்தில் வழங்கும் பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். இணைய முகவரியையும் வெளியிடுவதற்கு முன்பே ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துவிடுங்கள். தமிழ்த் தலைப்பிலிருந்து தளம் தானாக உருவாக்கும் முகவரி வட்ஸ்அப்பில் நாலு வரிக்கு வீதக் குறியும் எண்ணுமாக நீளும், பார்த்தவர் ஏதோ வைரஸ் என்று தொடமாட்டார்.

பண்டாரவளையில் பட்டுநூல் ஜிமிக்கி செய்யும் ஒரு தங்கச்சி, “அக்கா, நானும் இதிலயே எழுதட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள். மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் ஆமாம் என்றுதான் வர வேண்டும். ஆனால் வேண்டாம். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு தளத்தில் பட்டியலுக்குத் தொடக்க எண் கொடுக்க ஒரு கட்டமே வைத்திருக்கிறார்கள், அட்டவணையும் போடலாம். புதிதாகத் தொடங்குகிறவள் அங்கேயே தொடங்கட்டும். மூன்று 1ஐயும் ஒன்று, மூன்று, ஐந்து என்று கையால் மாற்றிக்கொண்டிருக்கிற வேலை அவளுக்கு எதற்கு? நான் மாறப் போவதில்லை. அடுத்த செய்முறை முத்தாரம், பத்தொன்பது படி, அதுவும் இங்கேதான். இன்றைய மனநிலைக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்.