ரைஸ் குக்கரில் வெண்பொங்கல்: ஆறு வருடப் பழக்கம்

2019 தீபாவளி மலிவு விற்பனையில் வாங்கிய 1.8 லிட்டர் ரைஸ் குக்கர். கண்ணாடி மூடி, ஒரே ஒரு பொத்தான், விலை 79 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வாரத்தில் மூன்று நாளாவது அதில் வெண்பொங்கல் வைக்கிறேன். சோறாக்க அதில் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு அதைப் பழக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் காலை நாலே முக்காலுக்கே விளக்கு எரியும். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புமுன் தோட்டக் குடியிருப்பான லயத்து விறகடுப்பில் பொங்கி வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கு இப்போது பெரட்டு இல்லை, வீட்டுக்காரருக்கு ஐந்தரை மணித் தொழிற்சாலை பஸ்தான். பொத்தானைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போகலாம் என்று நம்பித்தான் இதை வாங்கினேன்.

முதல் நாள் குளித்துவிட்டு வந்தால் மேசை முழுக்கக் கஞ்சி! பாசிப்பருப்பு கொதிக்கும்போது நுரைத்துக்கொண்டு வரும். அன்று இரண்டு கப் அரிசி வேறு போட்டிருந்தேன். குக்கரோடு வரும் கப் 180 மில்லி. அந்தக் கப்பால் அரிசி ஒன்று, வறுத்த பாசிப்பருப்பு அரை, தண்ணீர் ஆறு. இந்த அளவுச் சட்டிக்கு அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. ஆரம்பத்திலேயே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நுரை பெரும்பாலும் அடங்குகிறது.

அடுத்த தொல்லை, பொத்தான் சீக்கிரமே மேலே எகிறிவிடுவது. உள்சட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் காந்தம், சூடு 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் பிடியை விட்டுவிடும். வெறும் சோறு என்றால் தண்ணீர் வற்றிய பிறகுதான் அந்தச் சூடு வரும். பொங்கலில் அப்படியில்லை. கஞ்சிப்பசை அடியில் கெட்டியாக உட்கார்ந்துவிடுவதால், மேலே தண்ணீர் தளும்பும்போதே அடி காய்ந்து 'டக்' என்று நின்றுவிடும். பருப்பு பல்லில் கடிபடும். அதனால் கொதி வந்ததும் ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறுகிறேன். அப்படியும் நின்றுவிட்டால் அரை கப் வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி தட்டுவேன். சூடு தணியாமல் தட்டினால் பொத்தான் கீழே நிற்காது. மொத்தம் முக்கால் மணி நேரம். பிரஷர் குக்கரில் இதில் பாதிகூட ஆகாது, ஆனால் அந்த நேரத்தில் விசில் அடித்தால் மாமியார் எழுந்துவிடுவார்.

துவரம்பருப்பை இதில் போட்டு ஏமாறாதீர்கள். ஊறவைத்தும் எனக்குக் குழையவில்லை. மைசூர் பருப்பு நன்றாகவே கரைகிறது, பாசிப்பருப்பின் வாசம்தான் இல்லை.

அரிசி மாறினால் தண்ணீரும் மாறும். 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறியபோது, 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்கும் உள்ளூர் அரிசி எங்கள் கடைகளில் கண்ணில் படவே இல்லை. வேறு வழியின்றி வாங்கிய இறக்குமதி அரிசி ஏழு கப் தண்ணீர் குடித்தும் உதிரி உதிரியாகவே நின்றது. அந்த மூட்டை தீரும்வரை பொங்கல் என்ற பெயரில் பருப்புச் சோறுதான் சாப்பிட்டோம்.

நெய், மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் தனி வாணலியில் தாளித்துக் கடைசியில் கொட்டுவதுதான் சரி. மகன் எட்டு மணிக்கு எழுவான். அதுவரை சூடு காக்கும் விளக்கு எரிந்தால் பொங்கல் சிமெண்டாகிவிடும், வெந்நீர் தெளித்துக் கிளறித்தான் பரிமாற வேண்டும். அவனுக்குச் சட்னி வேண்டாம், நெத்திலி சம்பால் (நெத்திலிக் கருவாடு போட்ட மிளகாய்த் தொக்கு) வேண்டும். மதுரையிலிருந்து வந்திருந்த சித்தி முகம் சுளித்தார், அப்புறம் அவரும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

நாலாவது வருடம் யாரோ எவர்சில்வர் கரண்டியை விட்டதில் உள்சட்டியின் கறுப்புப் பூச்சு கீறிப்போனது. சட்டி மட்டும் தனியாகக் கேட்டேன், அந்த மாடல் நின்றுவிட்டது என்றார்கள். கீறல் விழுந்த இடத்தில் தினமும் கொஞ்சம் ஒட்டுகிறது. அடுத்ததற்கு எவர்சில்வர் உள்சட்டி உள்ளதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அடிப்பிடித்தாலும் சாம்பல் போட்டுத் தேய்க்கலாமே.