ஆர்ஓ தண்ணியா, முத்தத்துல புடிச்ச மழைத்தண்ணியா?

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் நெறைய போர்த் தண்ணி உப்பு, காய்ச்சுற பாத்திரத்து அடியிலயே வெள்ளையா படிஞ்சு நிக்கும். அதுக்கு ஆர்ஓ, அதாவது தண்ணிய அழுத்தி சவ்வு வழியா வடிகட்டுற மெஷின், நல்லாவே கைகொடுக்கும், உப்போட தண்ணியில கரைஞ்சிருக்குற ஃப்ளோரைடுங்கிற தாதுவையும் கொறைச்சிடும், கொதிக்க வச்சா கிருமிதான் சாகும் ஃப்ளோரைடு போகாது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல உள்ளத வருஷக்கணக்கா குடிச்சா புள்ளைங்க பல்லுல கறை விழும், ரொம்ப அதிகமானா எலும்பும் பாதிக்கும். என்ன, ஆர்ஓ வடிகட்டுறப்ப வீணாப் போற தண்ணிய நெனச்சாத்தான் மனசு கேக்கல.

மழைத்தண்ணிக்கு வாங்க. பெரிய வீட்டு ஓட்டுலேர்ந்து முத்தத்துல விழுறத அண்டாவுல புடிப்பாங்கல்ல, அதுல உப்பும் ஃப்ளோரைடும் ரொம்பக் கம்மி, ருசியே தனி. ஆனா மொத மழைய விட்டுடணும், ஓட்டுல புறா எச்சம் தூசி எல்லாம் கெடக்கும், அப்பறம் துணியில வடிகட்டி காய்ச்சித்தான் குடிக்கணும், அண்டாவ மூடி வைக்கலன்னா கொசு முட்டை போட்டுரும். ஆர்ஓல சத்து போயிடுதுன்னு திட்டுறவங்க ஒண்ணு கவனிங்க, இதுலயும் கால்சியம் மெக்னீசியம் பெருசா கெடையாது, அதெல்லாம் கேப்பை, கீரை, மோர்ல எடுத்துக்கங்க.

என் ஓட்டு ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணிக்கு, கோடையில ஆர்ஓவுக்கு. எதுவானாலும் கொறைச்சுக் குடிக்காதீங்க, சிறுநீரகக் கல் வந்தவங்கள தினம் 2.5 லிட்டர் சிறுநீர் போற அளவுக்குக் குடிக்கச் சொல்வாங்க, சித்திரை வெயில்ல வேர்வையில போறதுக்கு அது மேலயும் வேணும்.