‘அது வெறும் லேபிள்தான் சார்’ என்பவரிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்

என் 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கை ஜிபிடி (டிஸ்க்கின் பிரிவுகளைப் பட்டியலிட்டு வைக்கும் முறை) முறையில் பிரித்து, எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறை) ஃபார்மட் போட்டு, பழைய படங்களையும் கோப்புகளையும் ஏற்றித் தரச் சொல்லி ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்தேன். சொன்ன நாளில் தந்தார், கேட்ட கூலியை வாங்கிக்கொண்டார். என் லினக்ஸ் கணினியில் செருகியதும் மவுன்ட் ஆனது, அதாவது கோப்புகளைத் திறக்க முடிந்தது. சரி, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, தம்பி அதைத் தன் விண்டோஸ் மடிக்கணினியில் செருகினான். ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. புது டிஸ்க் என்று நினைத்து அமுக்கிவிட்டான். குவிக் ஃபார்மட். சில விநாடிதான்.

அவனைத் திட்டிப் பயனில்லை. ஜிடிஸ்க் என்ற கருவியில் பார்த்தேன்: பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கின் பிரிவுக்கு) நேராக, அது என்ன வகை என்று சொல்லும் குறியீடு 0700. அதாவது மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா, விண்டோஸ் தரவுக்கான வகை. லினக்ஸ் கோப்பு முறைக்கு 8300 இருக்க வேண்டும். (உண்மையில் ஜிபிடி எழுதிவைப்பது 16 பைட் நீள ஜியுஐடி என்ற அடையாள எண். இந்த நாலு இலக்கம், ஜிபிடி-க்கு முந்தைய எம்பிஆர் முறையின் 07, 83 ஆகியவற்றை வைத்து ஜிடிஸ்க் தரும் சுருக்கம்.)

0700-ஐப் பார்த்தால் விண்டோஸ் அதைத் தன் சொத்து என்று எடுத்துக்கொண்டு டிரைவ் எழுத்து கொடுக்கும். உள்ளே தனக்குப் புரிகிற கோப்பு முறை இல்லையென்றால் ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கும். 8300 என்றிருந்தால் டிரைவ் எழுத்தும் இல்லை, அந்தப் பெட்டியும் இல்லை. முன்பு ஜிபிடி-யில் லினக்ஸுக்கென்று தனி ஜியுஐடி கிடையாது, டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டட் என்ற கருவியும் மைக்ரோசாஃப்டின் குறியீட்டையே போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பழக்கத்தில் இந்த டெக்னீஷியன் இன்னமும் இருக்கிறார் போல.

கேட்டதற்கு வந்த பதில்தான் எரிச்சல்: “லினக்ஸ் அதைப் பார்க்கவே பார்க்காது, அது வெறும் லேபிள்தான் சார்.” முதல் பாதி பெரும்பாலும் உண்மை. மவுன்ட் செய்யும்போது லினக்ஸ் பார்ப்பது உள்ளே, கோப்பு முறையின் அமைப்பு விவரம் இருக்கும் சூப்பர்பிளாக்கை. ஆனால் அந்த டிஸ்க்கை லினக்ஸ் மட்டுமா தொடப்போகிறது? அப்புறம் இன்னொன்று சொன்னார்: “ஜர்னல் இருக்கே, திரும்பிவிடும்.” இதைக் கேட்டதும்தான் அவருக்கு விஷயமே தெரியாது என்று புரிந்தது. மின்சாரம் போய் எழுத்து பாதியில் நின்றால் கோப்பு முறையைச் சீராக்கத்தான் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேடு. மேலேயே வேறொன்றை எழுதிவிட்டால் அது என்ன செய்யும்? மீட்டுத் தர மறுபடி கூலி கேட்டார். டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்தேன். எக்ஸ்ட்4, சூப்பர்பிளாக்கின் பிரதிகளை உள்ளே பல இடங்களில் வைத்திருக்கும். 4 கேபி பிளாக் என்றால் முதல் பிரதி 32768-ஆம் பிளாக்கில். அந்த எண்ணைக் கொடுத்து, நகலின் மேல் இ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டினேன். இரவு முழுக்க ஓடியது. பெரும்பகுதி வந்துவிட்டது.

வேலைக்குக் கொடுப்பவர்கள் கூலியை நீட்டும் முன் ‘எஸ்ஜிடிஸ்க் -பி’ (பார்ட்டிஷன் பட்டியலைக் காட்டும் கட்டளை) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு 8300, ஸ்வாப்புக்கு (நினைவகத்துக்குத் துணையான இடம்) 8200, எல்விஎம் (டிஸ்க் இடங்களைச் சேர்த்துக் கையாளும் முறை) என்றால் 8இ00. தவறாக இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லலாம். வகைக் குறியீடு மட்டும்தான் மாறும், உள்ளிருக்கும் தரவு அப்படியே இருக்கும். ஒரே கட்டளை, சில விநாடி. அதைச் செய்யத்தான் அந்த ஆளுக்கு மனம் வரவில்லை.

வந்ததில் ஒரு பகுதி, பெயர் இழந்து, ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ கோப்புறையில் வெறும் எண்களாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒன்றைத் திறந்தால், தம்பியின் பள்ளிச் சான்றிதழ்.